புளியங்கொட்டையில் போட்ட பழனிக் கணக்கு

எனக்கு எண்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது. பெற்றது ஏழு, தங்கியது ஐந்து. தாயில்லாமல் போன என் கொழுந்தன் மகளையும் சேர்த்து ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. படிப்பு இரண்டாம் வகுப்பு; அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். எனக்கு இனி எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்?

போன மாதம் வீட்டில் எல்லாரும் கூடி ஊட்டிக்குப் போக யோசனை செய்தார்கள். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "என்ன அப்பத்தா, ஒரு இருபதாயிரம் ஆகும், பாத்துக்கலாம்" என்றான் பெரிய பேரன். இந்தப் "பாத்துக்கலாம்" என்கிற சொல்லை நான் அறுபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் கேட்டது இவனுடைய தாத்தாவின் வாயிலிருந்து. அந்தச் சொல்லால் ஒரு பித்தளைத் தூக்கு போனதும், பிறகு நான் பழனிக்குக் கணக்குப் போட்டதும் எழுதி வைக்க வேண்டியவை என்று அப்போதுதான் தோன்றியது.

தூக்கு போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மூன்றாம் வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்தார். "இது போதும், பாத்துக்கலாம்" என்றார். ஆற்றில் அழகர் இறங்குவதைப் பார்த்தோம், அல்வா தின்றோம், ராட்டினம் சுற்றினோம். மூன்றாம் நாள் பஸ்ஸுக்குப் போக இடுப்பைத் தொட்டார், அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் என் ஆத்தா சீராகக் கொடுத்த பித்தளைத் தூக்கைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தோம். மூடி மட்டும் என் கையில் தங்கிவிட்டது. அன்றைக்கு அதில் சுண்டல் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன், அதனால் தப்பியது. வெகு காலம் அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஊர் பொன்னமராவதிக்கு வடக்கே இரண்டு மைல். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் கடலை. வருகிற பணமெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும். பெட்டிச் சாவி என் வீட்டுக்காரர் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் தொங்கும். உப்புக்கும் கருவாட்டுக்கும் நான் போய் நிற்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "நேத்துத்தானே உப்பு வாங்குன?" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கும் நான் கணக்கு வைத்திருந்தேன்.

மூத்தது பெண், ஏழு வயது. இளையவன் பையன், இரண்டரை வயது. அவனுக்கு முதல் முடியைப் பழனியில் இறக்குவதாக வேண்டுதல். மூன்று வயதுக்குள் இறக்க வேண்டும். காது குத்தை ஊரில் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும், அது தனிச் செலவு என்று என் மாமியார் பிரித்துக் கொடுத்துவிட்டார். நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியும் வாயில் இன்னும் அணாதான் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு கார்த்திகை மாத மத்தியானம், சாப்பிட்டு இலையை எடுத்த கையோடு பேச்சை எடுத்தேன்.

"பழனிக்கு எவ்வளவு ஆகும்?"

"என்ன, ஒரு முப்பது ரூவா ஆகும். பாத்துக்கலாம்."

"போறதுக்கா, போயிட்டு வர்றதுக்கா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். மாமியார் உள்ளே பாக்கு இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"ஆம்பளைகளுக்குப் போற வழி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வர்ற வழிக்கு எந்தத் தூக்க விப்பீங்க? இப்ப வீட்ல மூடிதான் இருக்கு" என்றேன்.

"சரி. நீயே போடு கணக்கு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "ஆனா ஒண்ணு. நீ கேக்குற காச எண்ணிக் குடுத்துருவேன். போயி வர்ற வரைக்கும் அதுக்கு மேல ஒத்தக் காசு எங்கிட்டக் கேக்கக் கூடாது. வேற எவங்கிட்டயும் கை நீட்டக் கூடாது. எதையும் விக்கவும் கூடாது."

"நீட்டலன்னா?"

"நீட்டலன்னா என்ன வேணும், சொல்லு."

"பொட்டிச் சாவி."

உள்ளேயிருந்து மாமியார் சிரித்தார். "சாவியக் குடுத்துட்டு அரணாக்கவுத்துல என்னத்தடா கட்டித் தொங்கவிடுவ?"

"நீ பேசாம இரு ஆத்தா. நீட்டிட்டா என்ன செய்வ புள்ள?"

"நீட்டிட்டா, சாகுற வரைக்கும் காசுன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் நான் எதைப் பணயம் வைத்தேன் என்று எனக்கே உறைத்தது. வாய்தான் என்னிடம் இருந்த ஒரே சொத்து.

கணக்குப் போட முதலில் விலை தெரிய வேண்டும். விலையை ஆண்களிடம் கேட்டால் அவரவர் பெருமைக்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். நான் வளையல்காரம்மாவைப் பிடித்தேன். வீடு வீடாக வளையல் போட வரும் அந்த அம்மா வருஷம் தவறாமல் பழனிக்குப் போய் வருகிறவர். எனக்கு இரண்டு கைக்கும் வளையல் போட்டு முடிப்பதற்குள் திண்டுக்கல்லுக்குப் பஸ் சார்ஜு, அங்கிருந்து பழனிக்கு, சத்திரத்தில் பாய்க்கு, முடி இறக்குகிறவருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன்.

"ஏந் தாயி, வளையல் போடக் கூப்பிட்டியா, வாக்குமூலம் வாங்கக் கூப்பிட்டியா?" என்று கேட்டார்.

"முடி எறக்குறவரு கேக்குற காசோட விட்டுருவாரா அக்கா?"

"எங்க விடுறது. பிள்ளை பாதி மொட்டையில இருக்கும்போதுதான் கேப்பாரு இன்னும் நாலணா. பாதியில எந்திரிச்சு வர முடியுமா?"

அந்த நாலணாவையும் மனசில் முடிந்துகொண்டேன்.

எழுதத் தெரியும், ஆனால் எண்களை வரிசையாக எழுதிக் கூட்டுவது எனக்குக் கை வராது. புளியங்கொட்டை வரும். ஒரு கொட்டை நாலணா. நான்கு கொட்டை ஒரு ரூபாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரர் துண்டை விரித்துக் கண்ணை மூடிப் படுத்துவிடுவார். நான் முறத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, வாயால் சொல்லிச் சொல்லிக் குவியல் வைப்பேன். மூன்று முழு டிக்கெட்டு, ஒரு அரை டிக்கெட்டு, போக நாற்பத்திரண்டு கொட்டை. வர நாற்பத்திரண்டு. மொட்டைக்கு நான்கு. அர்ச்சனை, தேங்காய், கற்பூரம் நான்கு. மாமியாருக்கு முழங்கால் வலி, மலையடிவாரம் வரை குதிரை வண்டிக்கு நான்கு. சத்திரத்துக்கு நான்கு. இரண்டு நாள் சாப்பாட்டுக்கு இருபது. பிள்ளைகள் பலூன் கேட்டு அழும், அழுவதற்கும் நான்கு. தாயும் மகனும் போடுகிற வெற்றிலை புகையிலைக்கு நான்கு. பிரசாதத்துக்குப் பதினாறு.

இந்தப் பதினாறைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒரு வீட்டார் பழனிக்குப் போகிறார்கள் என்றால் அக்கம் பக்கத்தவர்கள் ஆளுக்கு ஒரு காசு கொடுத்து, "எம் பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுருங்க" என்பார்கள். காசு கொடுத்த வீட்டுக்கெல்லாம் திரும்பி வந்து பஞ்சாமிர்தமும் விபூதியும் கொடுத்தாக வேண்டும். எங்களிடம் பதினோரு வீட்டுக் காசு வந்திருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து தனியாக வைத்திருந்தேன்.

கடைசியாக இன்னொரு பதினாறு கொட்டையை ஓரமாக ஒதுக்கினேன். வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அது எதுக்கு?"

"அதுக்குப் பேரு இல்ல."

"பேரில்லாத செலவா?"

"பேரு தெரிஞ்சா நான்தான் குவியல் வச்சிருவேனே. பேரு தெரியாம வர்றதுக்குத்தான் இது."

கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குவியலையும் ஒரு கந்தல் துணியில் முடிந்து சுவர் மாடத்தில் வைத்தேன். மொத்தத்தைக் கூட்டவில்லை. களத்தில் நெல் அளக்கும்போது, அளந்து முடிக்கும் வரை மொத்தம் எத்தனை என்று வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எல்லா விலையும் ஒரு தடவை சரிபார்த்த பிறகு கூட்டலாம் என்று விட்டிருந்தேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

நாலைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டது. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது என்று நான் ஓலை சொருகப் போயிருந்தேன். நனைந்து வீட்டுக்குள் வந்தால், வறுத்த புளியங்கொட்டை வாசம். மழை நாளில் அந்த வாசம் யாரை விடும்? மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கும் நாலு வைங்க அத்தே" என்று நானே கேட்டு வாங்கி வாயில் போட்டேன். நன்றாக மென்ற பிறகுதான் மாடத்தைப் பார்த்தேன். துணிகள் அவிழ்ந்து கிடந்தன.

"அத்தே, இது எங்க எடுத்தீங்க?"

"மாடத்துலதான். பிள்ளைகளுக்குன்னு நீதானே துணி துணியா முடிஞ்சு வச்சிருந்த?"

"அது பஸ் சார்ஜு."

"எது?"

"இப்ப நீங்க மெல்லுறது."

மாமியார் மெல்லுவதை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "அதான் ஒரு மாதிரி கசக்குது" என்றார். பிறகு மீதியையும் மென்று விழுங்கிவிட்டார். "கொட்டைக்கு என்னடி பஞ்சம்? மாசியில புளி தட்டுறப்ப படி படியா அள்ளித் தாரேன். அழுகாத."

நான் அழவில்லை. நானும் நாலு தின்றிருந்தேன், யார் மேல் கோபப்படுவது? மறுநாளே அடுத்த வீட்டில் ஒரு கை கொட்டை வாங்கி வந்து, மனசில் இருந்ததை மறுபடி குவியல் வைத்தேன். பஸ்ஸுக்கு நாற்பத்திரண்டு. மொட்டை நான்கு. அர்ச்சனை நான்கு. வரிசையாக எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பேரில்லாத பதினாறுகூட வந்தது. இந்தத் தடவை தள்ளிப்போடவில்லை, உடனே நான்கு நான்காகப் பிரித்து எண்ணினேன். இருபத்தொன்பது ரூபாய், அதற்கு மேல் இரண்டு கொட்டை. இருபத்தொன்பதரை.

தை அறுப்பு முடிந்து நெல் விற்றதும் அவர் முன்னால் போய் நின்றேன். "இருபத்தொம்பதர" என்றேன்.

அவர் சாவியைக் கையில் பிடித்தபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கிட்டியா?"

"உங்க முப்பதுல அரை ரூவா கொறச்சே தந்திருக்கேன்ல."

அவர் பெட்டியைத் திறந்தார். எண்ணிக் கொடுத்தார். நான் அந்தப் பணத்தைப் பத்துத் துணியில் பத்து முடிச்சாகப் போட்டு, ஒரு பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் நடந்த நடையில் கோழியெல்லாம் ஒதுங்கிப் போனதாக மாமியார் பிற்பாடு சொல்வார்.

மாசியில் புறப்பட்டோம். மாமியார் முதல் நாளே ஒரு பானைப் புளிச்சோறு கிளறிவிட்டார். கெட்டியாகப் புளிவிட்டு நல்லெண்ணெய் மிதக்கக் கிளறினால் மூன்று நாள் தாங்கும். திண்டுக்கல்லில் வண்டி மாறிப் பழனிக்குப் போய்ச் சேர்ந்தபோது வளையல்காரம்மா சொன்னதில் ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடிவாரத்துக்குக் குதிரை வண்டி. மலை ஏறியதும் முதல் வேலையாக மஞ்சள் துணிக் காசைப் பதினோரு வீட்டுப் பேரையும் சொல்லி உண்டியலில் போட்டேன். சொன்ன மாதிரியே, பையன் பாதி மொட்டையில் இருக்கும்போது முடி இறக்குகிறவர் கத்தியை நிறுத்தி, "பாத்துக் குடுங்கம்மா" என்றார். நான் பேரில்லாத முடிச்சை அவிழ்த்து நாலணாவை நீட்டினேன். முன்னாலேயே எடுத்து வைத்திருந்ததைப் போல நீட்டியதில் அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். சந்தனம் பூசிய தலையோடு பையன் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு எல்லார் தலையையும் தடவிப் பார்த்தான்.

மறுநாள் காலை சத்திரத்தில் எல்லாரும் புளிச்சோறு தின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் பையைக் கொட்டி எண்ணினேன். பதினொன்றரை ரூபாய் இருந்தது. பிரசாதத்துக்கு நான்கு போனாலும் ஏழரை மிச்சம். சாப்பாட்டு முடிச்சில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது, மாமியாரின் புளிச்சோறு காப்பாற்றியது. சாவி என் முந்தானையில் வந்து விழுந்துவிட்டதாகவே நினைத்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று வாயெடுக்கும் நேரத்தில் மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஏத்தா, போறப்பயாச்சும் பஸ்ஸுல முன்னாடி சீட்டாப் புடிக்கச் சொல்லு. வர்றப்ப பின்னாடி தூக்கித் தூக்கிப் போட்டுருச்சு."

போகிறபோது. பஸ்.

ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிப் போக முடிச்சே இல்லை. இரண்டு நாற்பத்திரண்டு வைத்திருந்தேன் அல்லவா, வறுத்துத் தின்ற பிறகு மனசில் ஒரு நாற்பத்திரண்டுதான் மிஞ்சியிருக்கிறது. மதுரையில் அவர் செய்த அதே தப்பு. "ஆம்பளைகளுக்குப் போற வழி மட்டும்தான் தெரியும்" என்று சொன்ன வாய்க்குள் அப்போது புளிச்சோறு கசந்தது.

வேண்டியது பத்தரை. பிரசாதம் போக இருப்பது ஏழரை. மூன்று ரூபாய் குறைகிறது. உண்டியல் காசை முதல் நாளே போட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று. கையில் இருந்திருந்தால் மனசு என்ன என்ன நினைத்திருக்குமோ, எனக்கே தெரியாது.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். வீட்டுக்கு ஒன்றாகப் பதினோரு பஞ்சாமிர்த டப்பா வாங்குவதாக இருந்தவள், ஒரே ஒரு பெரிய டப்பாவும் பதினோரு விபூதிப் பொட்டலமும் வாங்கினேன். பேசிப் பேசி இரண்டு ரூபாய்க்குக் கொண்டுவந்தேன். கடைக்காரர், "ஒன்ன மாதிரி நாலு பேரு வந்தா நானும் மொட்டை போட்டுக்க வேண்டியதுதான் தாயி" என்றார். மாமியாரிடம் டப்பாவைக் காட்டினேன். "வாழ எலையக் கிழிச்சு வழிச்சுக் குடுத்தாப் போச்சு, பிரசாதத்துல என்ன பெருசு சிறுசு" என்றார். ஆக, கையில் ஒன்பதரை. இன்னும் ஒரு ரூபாய் குறைந்தது.

சத்திரத்து வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு ரூபாயைத் தேடினேன். விற்கக் கூடாது, கேட்கக் கூடாது. பஸ் போகிற வழியை மனசுக்குள் ஒவ்வொரு ஊராக ஓட்டிப் பார்த்தேன். திண்டுக்கல்லில் மாறி, சிங்கம்புணரி, அதற்கப்புறம் பொன்னமராவதி. சிங்கம்புணரியிலிருந்து பொன்னமராவதிக்கு ஆளுக்கு அரை ரூபாய். பத்து மைல். இரண்டு பேர் அங்கே இறங்கி நடந்தால் ஒரு ரூபாய்.

போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சிங்கம்புணரியில நீங்களும் நானும் எறங்கி நடக்கணும்."

"ஏன்?"

"கணக்கு அம்புட்டுத்தான் வருது."

சண்டை போடுவார், மதுரையை எடுத்து என் மேல் திருப்பி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் மீசையை ஒதுக்கிக்கொண்டு, "நடந்தாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். அந்தச் சாந்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

சிங்கம்புணரியில் பஸ் நின்றதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். மாமியார் பதறிப்போனார்.

"எங்கடா எறங்குற?"

"நேத்திக்கடன் ஆத்தா. இங்கயிருந்து நடந்து வர்றதா ரெண்டு பேரும் வேண்டியிருக்கோம்" என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"எனக்குத் தெரியாம என்னடா வேண்டுதல்?"

"வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லல."

பஸ்ஸில் இருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். பையன் மொட்டைத் தலையை ஜன்னலில் நீட்டி எங்களைப் பார்த்துக் கையாட்டினான். பஸ் போய்விட்டது. மாமியார் இந்த நடை வேண்டுதலை ஊரெல்லாம் சொல்லி, அடுத்த வருஷம் பழனிக்குப் போய் வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சிங்கம்புணரியில் இறங்கி நடந்தே வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுவதால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைக்கிறேன்.

அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரம். மாசி மாதம், பழம் விழுந்து கிடக்கும். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நானும் அவரும் மட்டும் இவ்வளவு தூரம் சேர்ந்து நடந்தது அதுதான் முதல் தடவை. முதலில் அவர் முன்னால் போனார், நான் பின்னால். இரண்டு மைல் போனதும் அவர் நடையைக் குறைத்தார். கடலை விதைப்பது பற்றிப் பேசினோம். முடி இறக்குகிறவரின் ஏமாந்த முகத்தைச் சொல்லிச் சிரித்தோம். ஆறாவது மைல் கல்லில் என் கால் கொப்புளம் உடைந்து, கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எதிரில் நின்று, தோளில் கிடந்த துண்டின் நுனி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் எட்டணாவும் இருந்தன.

"இது எப்ப வந்துச்சு?"

"ஊர்லயிருந்தே வருது."

"எதுக்கு?"

"வர்ற பஸ்ஸுக்கு. ரெண்டாவது நாப்பத்திரெண்டுக்கு."

அவரே சொன்னார்: "நீ வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் குவியல் வச்சப்ப நான் தூங்குனேன்னா நெனச்ச? கண்ண மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். மொத்தம் நாப்பது ரூவா வந்துச்சு. அப்புறம் நீ வந்து இருபத்தொம்பதரன்னு சொல்ற."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நல்லாப் பாத்துக்கிட்டியான்னு கேட்டேன்ல? நீ வந்து நின்ன நிலையில அதுக்கு மேல சொல்லத் தைரியம் வரல."

"பழனியிலயாச்சும் குடுத்திருக்கலாம்ல. எங்காலப் பாருங்க."

"நான் நீட்டியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். வாங்கியிருக்க மாட்டேன். பழனியிலிருந்தே நடந்திருப்பேன்.

"சரி, நான் தோத்துட்டேன்" என்றேன். "வர்ற வண்டிய விட்டுட்டேன். நீங்க மதுரையில விட்ட மாதிரியே."

"நான் மதுரையில விட்டப்ப ஒந் தூக்கு போச்சு. நீ விட்டதுல என்ன போச்சு? ஒரு ரூவாய்க்கு நடந்திருக்கோம். கை நீட்டல, எதையும் விக்கல." அரைஞாண் கயிற்றில் முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்க்க முடியாமல் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். கடைசியில் நான்தான் அவிழ்த்தேன். சாவி என் உள்ளங்கையில் சூடாக இருந்தது.

"இந்தப் பத்தர ரூவாய்க்குப் பொன்னமராவதியில ஒரு தூக்கு எடுத்துருவோமா?" என்று கேட்டார்.

"வேணாம். அது பேரில்லாத குவியலுக்கு."

"சாவி கைக்கு வந்த உடனேயே ஆரம்பிச்சுட்டியா" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் சிரித்தது பழைய உப்புச் சிரிப்பு இல்லை.

மீதி நான்கு மைலும் நான் நொண்டிக்கொண்டே, ரோட்டோரத்தில் கிடந்த புளியங்கொட்டைகளை மடியில் பொறுக்கிக்கொண்டு வந்தேன். "எதுக்கு?" என்று கேட்டார். ராமேஸ்வரத்துக்கு என்றேன். ராமேஸ்வரத்துக்கும் போனோம், பிறகு திருச்செந்தூருக்கும் போனோம். பெண்ணின் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். எங்கே போவதானாலும் திரும்பி வரும் காசைத்தான் முதலில் எடுத்து வைப்பேன்; போகிற காசு அதற்கப்புறம். கொட்டைகளை மட்டும் எண்ணெய்ச் சீசாவில் போட்டு மூடி, மாமியார் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அவர் போய்ச் சேரும் வரை, மழை வந்தால் அந்தச் சீசாவை ஒரு தடவை ஏக்கமாகப் பார்ப்பார்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன கணக்குப் போட்டார்களோ, எனக்குத் தெரியாது, கேட்டால்தானே சொல்ல. என் கணக்கு எழுதி முடிந்தது. பதினாறு நாள் ஆயிற்று, கை வலிக்கிறது, என் எழுத்தை நானே திரும்பப் படிக்கக் கண் போதவில்லை. பேத்தி பக்கத்தில்தான் இருக்கிறாள். இந்தா தாயி, அந்த போனைக் கீழே வைத்துவிட்டு இதை முதலிலிருந்து ஒரு தடவை வாசித்துக் காட்டு. வேகமாக ஓடாதே, குவியல் குவியலாக வாசி. எங்கேயாவது வர்ற பஸ்ஸை விட்டிருக்கிறேனா என்று நான் பார்க்க வேண்டும்.